கழற்றி வைத்த காற்றுப் பெட்டி

ஓம், நான்தான் எடுத்தேன். உன் கூட்டாளி சொன்னது உண்மை. காரைத் துடைக்க வந்தவன் பொனட்டைத் திறந்தபோது அவனுக்கு வெறும் குழாய்தான் தெரிந்திருக்கும். அந்தக் கூம்பு எயர் ஃபில்டர் என் தையல் மேசையின் கீழ்த் தட்டில் ஒரு சீலைத் துண்டில் சுற்றியபடி கிடக்கிறது. காரின் திறப்புச் சாவியும் என்னிடம்தான். காலையில் மழை விட்டிருந்த நேரம் கொட்டிலுக்குள் போய், பம்பருக்குப் பின்னால் கையை விட்டு, நீ பூட்டியிருந்த இடத்திலிருந்து கழற்றினேன். கையில் இரண்டு இடத்தில் கிழித்துவிட்டது. ஒரு வளையம், ஒரு திருகாணி. தையல் மெசினுக்கு வைத்திருக்கிற சின்னத் திருப்புளி போதுமாக இருந்தது.

வவுனியாவிலிருந்து தொலைபேசியில் கத்தினாய். "அம்மா, உங்களுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?" நான் வைத்துவிட்டேன். பதில் இல்லாததால் அல்ல. அந்தப் பதில் உன் எட்டாவது வயதிலிருந்து என்னிடம் இருக்கிறது. தொலைபேசியில் சொல்ல முடியாத பதில். நேரிலும் சொல்ல மாட்டேன் என்று இத்தனை வருடத்தில் தெரிந்துவிட்டது. எழுதினால் நடுவில் எழும்பிப்போய்த் தேத்தண்ணி வைக்கலாம். திரும்பி வந்து எழுதலாம். கோபம் ஆறிய பிறகு எழுதுகிற கடிதம் என்று நினைக்காதே. ஆறவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் காரை நான் வெறுக்கவில்லை. இரண்டு கதவு, பதிந்த முதுகு, பின் இருக்கையில் இருந்தால் முழங்கால் நாடியில் முட்டும். யாரோ கொழும்பில் இறுகிப்போன எஞ்சினோடு கைவிட்டதை நீ லொறியில் ஏற்றி வந்தாய். மாங்குளத்தில் பாதிப்பேர் வந்து பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு வருடம் அந்தக் கொட்டிலில் முதுகைத் தரையில் போட்டுக் கிடந்தாய். அது உயிர்த்த அன்று நான் கடையை மூடிவிட்டு வந்து நின்றேன். உன் முகத்தைப் பார்க்க வந்தேன் என்று நினைத்திருப்பாய். நான் சத்தத்தைக் கேட்க வந்தேன். நாலு சிலிண்டரும் ஒழுங்காக வேலை செய்ததா என்று.

பிறகு நீ எஞ்சின் குடிக்கிற காற்றில் கை வைத்தாய். பழைய கறுப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டு, குழாயை வளைத்துக் கீழே இறக்கி, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் அந்தக் கூம்பைப் பூட்டினாய். எனக்கு விளங்கப்படுத்தவும் செய்தாய். எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கிற காற்று சூடு, அம்மா. சூட்டுக் காற்று ஐதானது. கீழே வருவது குளிர்ந்த காற்று, செறிவானது, கூட எரியும், கூட இழுக்கும். நான் ஊசியில் நூல் கோத்தபடி தலையாட்டினேன். நீ சொன்னது எல்லாம் சரி. ஒரு சொல்லும் பிழையில்லை. கால் வைத்தால் உறுஞ்சுகிற அந்தச் சத்தம் எனக்கும் பிடித்திருந்தது. அந்தச் சத்தத்தை நான் உனக்கு முன்பே கேட்டிருக்கிறேன்.

ஆனால் எங்கே ஓட்டப் போகிறாய் அதை? ஏ நைன் வீதியில் மாடு படுத்திருக்கும். உள்ளே திரும்பினால் கிறவல் மண் றோட்டு. கோடையில் புழுதி, மாரியில் தண்ணி. இங்கே இருக்கிற காற்றைத்தானே உன் எஞ்சின் குடிக்கும். அந்தக் கூம்பைச் செய்தவன் நம் றோட்டைக் கண்டிருக்க மாட்டான். நீ கண்டவன்.

போன செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன். உன் கூட்டாளிகளுக்கு நீ சிரிக்கச் சிரிக்கச் சொன்ன விதத்தில் அது ஒரு பகிடி. என் விதத்திலும் ஒருமுறை கேள். நீ கட்டப்போகிற தாரணி கூறைச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்திருந்தாள். நாயாற்றுப் பக்கம் அவளுடைய வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். இரண்டு நாளாக மழை. வெளிக்கிடும்போது கேட்டேன். "பழைய பெட்டியைத் திருப்பிப் பூட்டினியே?" நீ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். திரும்பவில்லை. "ஓம் அம்மா, பூட்டிட்டன்." நான் பின் இருக்கையில் ஏறினேன். தாரணி முன்னால்.

தாரணி வீட்டுக்கு முன் வருகிற அந்தத் தாழ்ந்த பாலத்தில் தண்ணி றோட்டை மூடி ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் போய்விட்டது. கரையில் வலையைத் தோளில் போட்டபடி ஒருவர் நின்றார். உன் பக்கக் கண்ணாடியில் தட்டினார்.

"தம்பி, பஸ் போகும். உது போகாது. வயித்தை நிலத்தில தேய்ச்சுக்கொண்டெல்லோ வருது."

"இது எஞ்சின் வேற, அண்ணை."

"எஞ்சின் வேற எண்டா? தண்ணி விலத்தி விடுமே?"

நீ சிரித்துவிட்டு இறக்கினாய். பாதியில் ஒருமுறை இருமியது. அவ்வளவுதான். பிறகு மழைச் சத்தம் மட்டும். கதவின் அடியால் தண்ணி உள்ளே வந்து என் செருப்பைத் தூக்கியது. தாரணி என் கையைப் பின்னால் தேடிப் பிடித்தாள். பிடித்தபடி உன்னிடம் கேட்டாள். "கலியாணத்துக்கு முதலே முழுகவாக்கப் போறியளோ?" கேட்ட பிறகும் என் கையை விடவில்லை. அது உனக்குத் தெரியாது. நீ அதற்குள் இறங்கிவிட்டாய். "இருங்கோ, பாத்திட்டு வாறன்" என்றாய். முன்னால் போய்ப் பொனட்டைத் திறந்தாய்.

தம்பி, நீ பொனட்டைத் திறந்தாய். தொடை வரைக்கும் தண்ணி இழுக்கிறது. பின் இருக்கைக்குக் கதவு இல்லை. முன் இருக்கை மடியாவிட்டால் நான் வெளியே வர முடியாது. நீ எஞ்சினுக்குள் தலையை விட்டபடி நிற்கிறாய். அவள்தான் கதவை உதைத்துத் திறந்து, இறங்கி, இருக்கையை மடித்து, "மாமி, கையைத் தாங்கோ" என்று என்னை இழுத்தெடுத்தாள். அப்போதுதான் நீ எங்கள் பக்கம் திரும்பினாய். "அம்மா, கதவைச் சாத்துங்கோ, உள்ளுக்குத் தண்ணி போகுது" என்றாய். இதை எழுதும்போது கூட என் பல் கடிபடுகிறது.

வலைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் வந்து தள்ளினார்கள். கரையில் நீ பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைச் சுற்றிவிட, ஒவ்வொரு துளையாலும் கூம்பு குடித்த தண்ணி பீச்சியடித்தது. பிஸ்டன் கம்பி வளையவில்லை, தப்பிவிட்டது என்று சந்தோசப்பட்டாய். நான் கேட்டேன், பெட்டியைப் பூட்டியதாகச் சொன்னாயே என்று. "பூட்டினா இழுவை குறையும் அம்மா. அதுதான்." பதில் அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வந்து, எஞ்சின் எண்ணெயை மாற்றி, எல்லாவற்றையும் காயவைத்து, அதே கூம்பை அதே இடத்தில் திருப்பிப் பூட்டினாய். திங்கள் காலை ரயிலேறினாய். இன்னும் ஒன்பது நாளில் தாலி கட்டி, இதே காரில், அதே பாலத்தால் அவளைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாய். பூ கட்டுவதற்குக் கொக்கியும் பார்த்து வைத்திருக்கிறாய். மழை நிற்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

உன் அப்பாவிடம் வாடகைக்கு ஓடுகிற ஒரு பழைய இங்கிலீஷ் கார் இருந்தது. அது உனக்குத் தெரியும். அது எப்படி ஓடியது என்பது தெரியாது. நாங்கள் கலியாணம் செய்த காலத்தில் சண்டை, வன்னிக்குள் அரசாங்கம் பெற்றோல் விடாது. மண்ணெண்ணெயில்தான் கார் ஓடியது. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. ஆகவே, மேலே சட்டி மாதிரி இருந்து காற்றை வடிக்கிற எயர் கிளீனரைக் கழற்ற வேண்டும். கார்பரேற்றரின் வாய் தெரியும். அந்த வாய்க்குள் ஒரு சேலைன் போத்தலால் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அப்பா முன்னால் நின்று கம்பியால் சுழட்டுவார். சொட்டு விடுவது நான். கூடினால் மூழ்கிவிடும். குறைந்தால் பற்றாது. பற்றியவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஒருமுறை எஞ்சின் திருப்பி இருமி, நெருப்பு வெளியே வந்து என் புருவத்தைத் தின்றது. அப்பா பயந்து ஓடிவந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லை, இப்பதான் வடிவா இருக்கிறாய்" என்றார். ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை.

மற்றவர்கள் எயர் கிளீனரைக் கழற்றியபடியே ஓடினார்கள். ஒவ்வொரு முறையும் பூட்டிக் கழற்ற யாருக்குப் பொறுமை? திறந்த வாயோடு எஞ்சின் நன்றாக இழுக்கும். உறுஞ்சுகிற சத்தம் வரும். உன் காரில் வருகிற அதே சத்தம். அப்பா மட்டும், எஞ்சின் பற்றிய பிறகு, எத்தனை பேர் உள்ளே இருந்து முணுமுணுத்தாலும், இறங்கி அதைத் திருப்பிப் பூட்டிவிட்டுத்தான் வெளிக்கிடுவார். "கிறவல் றோட்டில நீ வாயைத் திறந்துகொண்டு ஓடிப் பாரன்" என்பார். ஆகவே, தம்பி, எஞ்சினின் வாய்க்குள் என்ன போகலாம், என்ன போகக்கூடாது என்று எனக்குத் தெரியும். உனக்கு முன்பே தெரியும்.

கடைசி இடப்பெயர்வில் ஸ்கந்தபுரத்து வீட்டிலிருந்து வெளிக்கிட்டபோது உனக்கு எட்டு வயது. அப்பா சுழட்டினார், நான் சொட்டு விட்டேன், பற்றியது. எஞ்சினை நிற்பாட்ட முடியாது, நின்றால் திருப்பி எடுக்கப் பெற்றோல் இல்லை. எயர் கிளீனரைக் குசினிப் படியில் வைத்திருந்தேன். அன்று பூட்ட நேரமில்லை, பின்பெட்டியில் வை, வழியில் பூட்டுவம் என்றார். பின்பெட்டி நிறைந்துவிட்டது. ஓரத்தில் ஒரு இடம்தான் மிச்சம். என் கையில் தையல் மெசினின் தலை. கால்மிதிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, இரும்புத் தலையை மட்டும் தூக்கி வந்திருந்தேன். நான் அந்த இடத்தில் மெசினை வைத்தேன். மூடியை அடித்துச் சாத்தினேன். அப்பா வாகனத்துக்குள் இருந்தபடி கேட்டார். "எயர் கிளீனர் வைச்சிட்டியே?"

"ஓம், வைச்சிட்டன்."

அவர் பக்கம் திரும்பாமல் சொன்னேன்.

ஏன் என்று கேட்பாய். மற்றவர்கள் அது இல்லாமல் ஓடவில்லையா என்று நினைத்தேன். ஒரு கிழமையில் திரும்பி வந்துவிடுவோம் என்று நினைத்தேன். மெசினைப் படியில் விட மனம் வரவில்லை. இவற்றில் எதுவும் காரணம் இல்லை. கேட்டவருக்கு "இல்லை" என்று சொன்னால் இறங்கி வந்து மெசினை எடுத்து வெளியே வைப்பார். அதுதான் காரணம். நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் அவர் கேட்டார், எடு பூட்டுவம் என்று. "அடியில கிடக்குது, எல்லாத்தையும் இறக்கவேணும்" என்றேன். இறக்க நேரம் இருக்கவில்லை. நான் அதைத் தெரிந்துதான் சொன்னேன்.

நாலு நாள். முன்னால் உழவு மெசின், பின்னால் உழவு மெசின், நடுவில் சனம். எல்லாச் சில்லும் கிளப்பிய புழுதியை எங்கள் எஞ்சின் திறந்த வாயால் குடித்தது. ஐந்தாம் நாள் நின்றது. அப்பா கார்பரேற்றரைக் கழற்றி உதறினார். உள்ளே மண்ணெண்ணெயில் குழைந்த சிவப்புச் சேறு. பெனியனால் துடைத்துப் பூட்டினார். கொஞ்சத் தூரம் ஓடி மறுபடியும் நின்றது. ஒரு பாலை மரத்தடியில் காரை விட்டுவிட்டு நடந்தோம். தையல் மெசினை நான் ஒரு பழைய சைக்கிளில் கட்டித் தள்ளினேன். உன்னை அவர் தோளில் வைத்திருந்தார்.

அடுத்த நாள் காலை அவர் சொன்னார். "கார்பரேற்றரை ஒருக்கா நல்லாக் கழுவி, சாமானை எல்லாம் இறக்கி அந்த எயர் கிளீனரையும் எடுத்துப் பூட்டினா ஓடும். பிள்ளையை எவ்வளவு தூரம் நடத்துறது. இரு, பாத்திட்டு வாறன்." நீ என் மடியில் நித்திரை. சொல்ல வாயைத் திறந்தேன். அந்த ஒரு நிமிடம் எனக்குத் தரப்பட்டிருந்தது, தம்பி. "கெதியா வாங்கோ" என்றேன்.

மத்தியானம் வரையும் அந்தப் பக்கம் செல் விழுந்து வெடித்தது.

அப்பா அரிசி எடுக்கத் திரும்பிப் போய்ச் செத்தவர் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். பள்ளிக்கூடத்தில் நீ அப்படித்தான் கட்டுரை எழுதினாய். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டி அழுதார். நான் அழவில்லை. அவர் அரிசிக்குப் போகவில்லை. அந்தக் காரில் இல்லாத ஒரு சாமானைத் தேடிப் போனார். அது குசினிப் படியில் இருந்தது. மீள்குடியேறி ஸ்கந்தபுரத்துக்குப் போனபோது வீடு இல்லை, படி மட்டும் இருந்தது. நீ கிணற்றை எட்டிப் பார்க்க ஓடினாய். நான் படியைச் சுற்றி விரலால் மண்ணைக் கிளறினேன். எதுவும் இல்லை. இரும்புக்காக யாராவது எடுத்திருப்பார்கள்.

அந்தத் தையல் மெசினில்தான் நீ சாப்பிட்டாய். உன் சீருடை, உன் சப்பாத்து, கராஜில் வேலை பழகிய காலத்தில் உன் பஸ் காசு, எல்லாம் அதிலிருந்து வந்தது. ஆகவே மெசினை வைத்தது பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பலமுறை முயன்று பார்த்தேன். "இல்லை, வைக்கேல்லை, மெசினைத்தான் வைச்சனான்" என்று சொல்லியிருந்தால் அப்பா கத்தியிருப்பார். கொஞ்ச நேரம் கத்தியிருப்பார். பிறகு ஒரு சீலைத் துண்டை மடித்து அந்த வாய்க்குக் கட்டி ஓட்டியிருப்பார். அப்படி ஓடினவர்களும் இருந்தார்கள். சீலைத் துண்டுகள் என் பெட்டி நிறைய இருந்தன.

இப்போது உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். வந்து கத்து. கதவை மூட மாட்டேன். ஆனால் உன் கோபம் என் கோபத்தைக் குறைக்காது. "ஓம் அம்மா, பூட்டிட்டன்" என்று முகத்தைத் திருப்பாமல் சொன்னாயே, அந்தக் குரலை எங்கே படித்தாய்? நான் சொல்லித்தரவில்லை. எட்டு வயதில் பின் இருக்கையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாயா? பாலத்தில் தண்ணிக்குள் நின்றபோது எனக்குப் பயமே வரவில்லை. அந்தச் சொல்லைத் திருப்பிக் கேட்ட கோபம்தான் வந்தது. "பாத்திட்டு வாறன்" என்று நீயும் சொன்னாய். நீயும் எஞ்சினிடம் போனாய். அவர் உன்னை நடக்க விடாமல் இருக்கப் போனார். நீ எதற்குப் போனாய்?

இழுவை வேண்டுமென்றால் எடு. நான் தடுக்கவில்லை. பழைய பெட்டியையே வைத்து, மூடியைப் பெரிதாக்கு. உள்ளே நல்ல ஃபில்டரைப் போடு. குழாயைக் கீழே இறக்காதே, மேலே ஏற்று, முன்விளக்கின் மேல்விளிம்பிலிருந்து காற்றை எடு. அங்கேயும் குளிர்ந்த காற்றுத்தான் வரும். கொஞ்சம் குறையும். அந்தக் குறைவோடு ஓடப் பழகு. கிறவலில் ஓடிய ஒவ்வொரு கிழமையும் கழற்றித் தட்டு. இது எஞ்சினுக்கு. உனக்குச் சொல்வது வேறு. தாரணி கேட்டால், பூட்டவில்லை என்றால் பூட்டவில்லை என்று சொல். அவள் கத்துவாள். அவளுக்கு நல்ல குரல் இருக்கிறது, பாலத்தில் கேட்டேன். கத்தி முடியும்வரை நில். வண்டி தண்ணிக்குள் நின்றால் முதலில் அவளுடைய கதவுக்குப் போ. எஞ்சின் எங்கேயும் ஓடிப்போகாது.

அவளுக்கும் நான் இதையெல்லாம் சொல்லப் போகிறேன். அப்பாவின் கதை உட்பட. இந்தக் குடும்பத்துக்குள் வருகிறவளுக்கு, இங்கே கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அதன் பிறகு எந்த வண்டியில் ஏறுவது என்பதை அவள் பார்த்துக்கொள்ளட்டும். பஸ்ஸில் வருகிறேன் என்றால் பஸ்ஸில் வரட்டும். கூறையோடு பஸ்ஸில் வந்தால் சனம் பார்க்கும். பார்க்கட்டும்.

இதை நேற்று எழுதினேன். இன்று விடிந்ததும் பழைய கறுப்புப் பெட்டியைக் கொட்டில் மூலையிலிருந்து எடுத்து, சிலந்தி வலையைத் தட்டி, உள் ஃபில்டரை ஊதித் துடைத்து, காரில் பூட்டினேன். நாலு கிளிப். ஒன்று உடைந்திருந்தது, கம்பியால் கட்டினேன். பிறகு ஏழு மணி பஸ்ஸில் முல்லைத்தீவுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் எடுத்து, பாலத்தைத் தாண்டி, தாரணி வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். காரின் திறப்பை அவள் கையில் கொடுத்தேன். பின்னேரம் திரும்பி வந்து அவளுடைய சட்டைக்குக் கை பூட்டித் தைத்தேன்.